சுமைக்கூலி

மஞ்சள் நிறம். இரண்டே இருக்கை.
துறைமுகத்தில் என் மேலாளர் வைத்திருந்தது.
அந்தத் தீவில் பத்து வயது நெருங்கினால்
வண்டிக்கு நாள் குறித்துவிடுவார்கள்.
ஒன்பதாவது வயதில் நான் கேட்டேன்.
சிரித்தார். பிறகு விலை சொன்னார்.

பதினோரு வருடமாய் அங்கே கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
காலுக்கடியில் கடல்.
யாருடைய பொருளையோ
யாருடைய ஊருக்கோ
பெட்டி பெட்டியாய் இறக்கி வைத்தவள்
எனக்கென்று ஒன்றை
ரெங்கத்தில் இறக்க நினைத்தேன்,
அவ்வளவுதான்.

ஒன்பது மாதம் அது என் பெயரில் இருந்ததற்கு ஒரு தாள்.
நான் அங்கே உழைத்ததற்கு ஒரு தாள்.
அந்த நாடு அதைக் கைவிட்டதற்கு,
இந்த நாடு அதைத் தொட்டுக்கொள்வதற்கு.
ஏஜெண்டு அருளப்பன்
தினமும் வாட்சாப்பில் ஒரு கட்டைவிரல் அனுப்புவார்.
என்ன அர்த்தம் என்று கேட்டால்
இன்னொரு கட்டைவிரல்.

வரிக் கணக்கு வந்த அன்று
அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.
'சுண்டைக்காய் கால் பணம்' என்றாள்,
மீதியைச் சொல்லாமல்
கெம்போங் மீனின் செதிலைச் சுரண்டப் போய்விட்டாள்.

சுங்கக் கிடங்கில் நாலு மாதம்
மழையில் நின்றது.
ஓய்வு நாளில் போய்
கம்பி வேலி வழியே பார்த்துவிட்டு வருவேன்.
நேப்பாளிக் காவலாளி அரைகுறை மலாயில் கேட்டான்,
'உள்ளே இருப்பது உன் புருஷனா?'
ஒரு டயர் காற்றிழந்து
ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.
இல்லை என்று சொல்லவும் தோன்றவில்லை.

அடிச்சட்ட எண்ணின் மேல் காகிதம் வைத்து
பென்சிலால் தேய்த்து எடுத்தார் என்சிக் ரோஸ்லான்.
ஒவ்வோர் இலக்கமாய் இருட்டிலிருந்து வெளியே வந்தது.
'பொருந்துகிறது' என்றார்.
எனக்கு ஏன் கண் கலங்கியதோ.

சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலை விட்டு இறங்கி,
ரயில் தண்டவாளம் தாண்டி,
செம்பனைக் குலை லோரிகளுக்குப் பின்னால்
தோட்டத்துச் செம்மண்ணில் நுழைந்தேன்.
மாரியம்மன் கோயில் முன் மேட்டில்
வயிறு தட்டி நின்றுவிட்டது.
முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.
தம்பி தினகரனும் கூட்டாளிகளும்
தேருக்கு வைக்கும் முட்டுக்கட்டையை உருவி வந்து
சக்கரத்தின் கீழே கொடுத்தார்கள்.
பூசாரி ஏசினார்.
ஏசிக்கொண்டே எலுமிச்சம்பழமும் வைத்தார்.

அம்மா உள்ளே உட்கார்ந்தாள்,
உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள்.
முன்பெட்டியைத் திறந்து
வண்டியின் கிராண்டை எடுத்து
தூரத்தில் பிடித்து வாசித்தாள்.
'பொறந்தது ஜப்பானா?'
'ஆமா.'
'வளந்தது சிங்கப்பூரு.'
'ம்.'
'இப்ப ஜொகூர் நம்பரு.
மொத்தம் எத்தன மாசம் புடிச்சது?'
'பதிமூணு.'

ஏழாவது லயத்தில் பிறந்தவள்.
கிராணி பதிய மறந்த குழந்தை.
நாலு மனு, முப்பத்தொரு வருடம்.
பையில் இருக்கும் அட்டை இன்னும் சிவப்பு.

கிராண்டை மடித்தாள், மடிப்பு மாறாமல்.
பெட்டியை மூடினாள். அது சரியாக மூடாது.
முழங்காலால் தள்ளி மூடினாள்.
'பாலம் தெரியுற எடம் வரைக்கும் போ' என்றாள்.

தஞ்சோங் கூப்பாங்கில்
சேறும் கடலும் சேருமிடத்தில் நிறுத்தினேன்.
எதிரே துவாஸ்.
அம்மா இறங்கவில்லை.
இவ்வளவு பள்ளத்திலிருந்து இறங்கினால்
திரும்ப ஏறமுடியாதாம்.
கண்ணாடியை மட்டும் இறக்கச் சொன்னாள்.

'எதுடி உன் கிரேனு?'

அந்தத் தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான்.
'இடதிலிருந்து மூணாவது' என்றேன்.

விரலை நீட்டி
எண்ண ஆரம்பித்தாள்.