மேட்டுக் கணக்கு

எங்கள் கரையில் மலை கிடையாது.
இருபத்தேழு அடி மணல்தான்.
ஆனாலும் அடிவாரத்து ஆட்டோக்காரர்
“மேல ஏறாதும்மா, நடந்துக்க” என்பார்,
கொடைக்கானலிலிருந்து இப்போதுதான் இறங்கியவர்போல.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
பாம்பனுக்கு இந்தப் பக்கம், வெள்ளைமேட்டு வார்டில்
மின்சாரக் கணக்கெடுக்க ஏறுகிறேன்.
படிகள் நாற்பத்தொன்று என்கிறது திறப்புவிழாக் கல்.
கச்சான் ஓய்ந்த ஐப்பசியில் எண்ணினேன்,
முப்பத்துமூன்று.
மிச்சத்தை மணல் வைத்திருக்கிறது.

இணைப்பு எண்களைப் படித்தாலே போதும்,
இந்த வார்டு எந்த வரிசையில் பிறந்ததென்று தெரியும்.
ஒன்று, ஐஸ் கம்பெனி.
இரண்டு, பள்ளிவாசல்.
மூன்று, சீனி இபுராகிமின் சங்குக் கிட்டங்கி.
எல்லாம் கீழே.
மேட்டில் அப்போது உடைமரமும் ஓணானும்தான்.

அறுபத்துநான்கு மார்கழியில்
கடல் தெருவுக்குள் வந்து வீடுவீடாகக் கதவு தட்டியது.
ஓடி ஏறியவர்கள் பிறகு இறங்கவில்லை.
பாய்த்துணியில் முதல் கூரை,
உடைந்த வத்தையின் பலகையில் முதல் கதவு.
சிலுவை, வேல், பிறை
மூன்றையும் ஒரே மணலில் நட்டார்கள்.
காற்று மூன்றையும்
வடகிழக்காகச் சாய்த்துவைத்தது.

எழுபது முதல் இருநூறு வரை
எல்லா அட்டையிலும் ஒரே தேதி.
யாரோ ஒரு மந்திரி வந்த நாளாம்.
பெயர் எவருக்கும் நினைவில்லை,
அவர் செருப்பு மணலில் புதைந்து
ஒற்றைக் காலோடு மேடை ஏறியதை மட்டும்
ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

கீழே எங்கே தோண்டினாலும் உவர்.
மேட்டின் இடுப்பில் முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர்.
சிரட்டையால் மொண்டு குடம் நிறைய ஒரு மணி நேரம்.
நம்புச்செல்வியும் பிலோமினாவும்
பதினோரு வருஷம் பேச்சில்லை.
ஊற்று ஒன்று, சிரட்டையும் ஒன்று.
சிரட்டை கைமாறும்,
சொல் மாறாது.

மணல் லாரி ஒருதரம் வந்தது.
செய்யதம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து
டயருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து
பூண்டு உரித்தாள்.
ஒன்றரைக் கிலோ.
முறம் நிறைந்தபோது லாரி பின்னுக்குப் போயிருந்தது.

இதனால்தான் கீழ்த்தெருவில் பிடிவாதக்காரனை
“மேட்டான்” என்கிறார்கள்.
மேட்டான் இறங்கி வருகிறான் என்றால்
மீன் விற்க என்று அர்த்தம்.
சமாதானத்துக்கு அல்ல.

கடைசி வீடு முந்நூற்றுப் பன்னிரண்டு.
கபிரியேல் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போய்
நாலு வருஷம் ஆகிறது.
வேலைக்கு வந்த புதிதில்
அந்த மீட்டரை எக்கி எக்கிப் பார்ப்பேன்.
இப்போது குனிகிறேன்.
நான் வளரவில்லை.
மணல் சன்னல்வரை வந்துவிட்டது.

பூட்டிய வீடு என்று குறித்துவிட்டு நகரலாம்.
ஆனால் மீட்டரில் ஏறியிருக்கிறது
நாற்பத்துமூன்று யூனிட்.
போனமுறையும் அதே.
அதற்கு முந்தியும்.

மோட்டுவளையில் ஒரு குண்டு பல்பு.
அறுபது வாட், பன்னிரண்டு மணி நேரம், அறுபது இரவு.
பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது.
அந்தியில் யாரோ போடுகிறார்கள்,
விடியலில் யாரோ அணைக்கிறார்கள்.
யார் என்று கேட்டால்
மொத்தத் தெருவும் திரும்பிக் கடலைப் பார்க்கிறது.

வாடைக்காலத்தில் பாரைத் தாண்டி வரும் வள்ளத்துக்கு
இந்த வெளிச்சத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டால்
வழி பிசகாதாம்.
கீழே ஐஸ் கம்பெனிக்காரன் சொன்னான்,
அதுவும் நான் கேட்காமல்.

நூறு யூனிட்வரை கட்டணம் கிடையாது.
நாற்பத்துமூன்று என்றே பதிந்தேன்.

மணலுக்குள் போகுமுன்
மீட்டரை மூன்றடி உயர்த்த வேண்டும்.
மனுவை நானே எழுதி
பையில் வைத்திருக்கிறேன்.
விண்ணப்பதாரர் கையொப்பம் என்ற இடத்தில்
யாரைப் போடச் சொல்வது?