சேத மதிப்பீடு

போரா அடிக்கும் நாளில் த்ரியெஸ்தேயில்
கடைக் கதவைத் திறப்பதே ஒரு கைகலப்பு.
உள்ளே நுழைந்ததும்
காது இரண்டும் திரும்பக் கிடைத்தன.

லோரிஸ் பச்சைக் கம்பளித் தட்டை முன்னே வைத்தான்.
மூன்று மைப்பேனா.
ஒரே உடல், ஒரே தங்க முள், ஒரே விலை.
கறுப்புக்கு மட்டும் நாற்பது யூரோ கூடுதல்,
பளபளப்பை நீக்கிய கூலியாம்.

சேதம் மதிப்பிடுவது என் தொழில்.
துறைமுகத்தில் காப்பிக்கொட்டை மூட்டை நனைந்தால்
எத்தனை மூட்டை, எவ்வளவு ஈரம், யார் பிழை
என்று எழுதிக் கொடுப்பவள்.
புதுப் பொருளைப் புதிதாகப் பார்க்க எனக்கு வராது.
இது எப்படிக் கெடும் என்றுதான் கண் முதலில் போகும்.

வெள்ளியில் உடல் முழுக்க வாற்கோதுமை மணியாய்ச் செதுக்கல்.
கீறல் விழும், மணிகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.
மேசையறைக்குள் பூட்டிப்போட்டால்
மூன்றே மாதத்தில் முகம் கறுத்துக்கொள்ளும்.
அப்படி மனிதர்களை எனக்குத் தெரியும்.

சிவப்பு அரக்கு, பதினாறு பூச்சு.
மாதுளை முத்தை வெயிலுக்கு நேரே பிடித்த மாதிரி.
விழாதவரை ஒரு குற்றமும் சொல்ல முடியாது.
ஒரு தடவை விழுந்தால்
மூடி விளிம்பில் சில்லு தெறிக்கும். ஒட்ட வழியில்லை.

கறுப்பில்
வெளிச்சம் விழுந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது.
ஆனால் விரல் படும் இடம் இரண்டே ஆண்டில் மினுங்கும்,
பிடித்தவன் பிடித்த பிடி அப்படியே தெரியும்.
"அது குறையா?" என்றான் லோரிஸ்.
"பயன்பாட்டுத் தேய்வு என்று எழுதுவோம்," என்றேன்.
"இழப்பீடு கிடையாது."

எழுதிப் பார்க்கத் தாள்கட்டை நகர்த்தினான்.
எனக்கு முன் வந்தவர்கள் அதில் நெரிசலாய் நின்றார்கள்:
சொந்தப் பெயர்கள், கையெழுத்துகள்,
படுத்தும் நின்றும் எட்டு எட்டாய்ச் சுழிகள்,
யாரோ ஒருவர் ஊதா மையில் "மன்னித்துவிடு",
அதன் கீழேயே அதைவிட அழகாய் இன்னொரு "மன்னித்துவிடு".
ஓரத்தில், சாய்ந்த எழுத்தில்,

பொனாசா
பொனாசா
பொனாசா

ஒற்று விட்டிருக்கிறது.
பொனாச்சா என்று வர வேண்டும்:
காற்றில்லாமல் கடல் கிடக்கும் கிடை.
படகின் பின்பலகையில் பெயர் எழுதிய அன்றும்
இதே ஒற்றை விழுங்கினான் தூலியோ.
என் தம்பி.
சிரித்தேன். நீலப் பெயிண்ட் தூரிகையை என்மேல் எறிந்தான்.
அப்போது பேசிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் படகை விற்றோம், வக்கீல்கள் வழியாக.
பாதி அவனுக்கு, பாதி எனக்கு.
என் பாதியில் ஒரு துண்டு
இதோ இந்தத் தட்டுக்கு வந்திருக்கிறது.
அவனுடையதும் வந்து திரும்பியிருக்கிறது.

"செவ்வாய்க்கிழமை வந்தார்," என்றான் லோரிஸ்.
"கறுப்பை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.
நாற்பது யூரோ அநியாயம் என்றார்.
சனிக்கிழமை வருவாராம்."

நாற்பது யூரோ.
அவனேதான், சந்தேகமில்லை.

கறுப்பை மையில் தோய்த்து
முதல் பொனாசாவின் இடுக்கில்
விட்டுப்போன ஒற்றைச் செருகினேன்.
மற்ற இரண்டைத் தொடவில்லை.
திருத்தியது யாரென்று தெரிய அது போதும்.

பிறகு, "சிவப்பு," என்றேன்.
"தெறித்தால் ஒட்டாது என்று நீங்களேதான்..."
"சொன்னேன்."

கறுப்பைச் சனிக்கிழமை வரை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி
மேசைமேல் இரண்டு இருபதுகளை விரித்தேன்.
"அவரிடம் என்ன சொல்ல?"
"தள்ளுபடி என்று சொல்லுங்கள்.
நம்பமாட்டான். இருந்தாலும் சொல்லுங்கள்."

வெளியே, கதவைக் கையிலிருந்து பிடுங்கியது காற்று.
தொப்பிக்கு ஒரு கை, குடைந்து வரும் குளிருக்கு
மேலங்கிப் பொத்தானைப் பிடிக்க ஒரு கை,
சட்டைப்பையில் பேனாவுக்கு
மூன்றாவது கை இல்லை.

தொப்பி போயிற்று.