கணக்கு நோட்டில் ஒரு கழுதை

தொடக்க நாளன்று
நாரின் நகரத்திலிருந்து மூன்று ஜீப்புகள் வந்தன.
கிடா வெட்டினோம்.
ரிப்பன் வெட்டியவர் கைப்பேசியை உயர்த்திக் காட்டினார்:
ஐம்பது எம்.பி. வேகம்.
அது எதன் எடை, எதன் நீளம்
எங்களில் யாருக்கும் தெரியாது.
கை தட்டினோம்.
குமிஸ் நல்ல பதமாகப் புளித்திருந்தது.

முகட்டில் ஒரு கம்பம்.
கம்பத்தில் வெள்ளைத் தட்டு.
கீழே இரும்புப் பெட்டிக்குள் நான்கு பேட்டரிகள்,
வெயில் தின்னும் இரண்டு பலகைகள்.
'இனி இது உங்களுடையது' என்றார்கள்.
அந்தச் சொல்லின் கனம்
ஜீப்புப் புழுதி அடங்கிய பிறகுதான் தோளில் இறங்கியது.

நான் சல்கினாய்.
மருந்தகத்தில் ஊசி போடுபவள்.
கூட்டல் கழித்தல் வரும் என்பதால்
நோட்டை என் மடியில் போட்டார்கள்.
நாற்பத்தொரு வீடு, மாதம் இருநூறு சோம்.
முதல் மாதம் நாற்பதும் வந்தது
(ஒருவர் மட்டும் இல்லை, அவரைப் பிறகு சொல்கிறேன்).
ஏழாம் மாதம் முப்பது.
முதல் பனியில் பத்தொன்பது.
கழுதை தேய்ந்து கட்டெறும்பானது போல
வரவும் வேகமும்.

அந்தியில் எல்லா வீட்டு அடுப்பும் எரிகையில்
எல்லா வீட்டுத் திரையும் எரியும்.
மாஸ்கோவில் சாரம் கட்டும் ஆண்கள்
ஒரே மணிக்கு அழைப்பார்கள்.
என் கணவனின் முகம்
வாய் பிளந்தபடி உறைந்து நிற்கும்.
கேட்டது பாதி.
மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்,
பெரும்பாலும் எனக்குச் சாதகமாக.

ஜனவரி. மைனஸ் முப்பத்தாறு.
ஜிபெக்கின் வயிற்றுப் படத்தை
நாரின் மருத்துவருக்கு அனுப்பினேன்.
அறுபத்திரண்டு விழுக்காட்டில் நின்றது.
குழந்தையின் தலை போய்ச் சேர்ந்துவிட்டது,
கால்கள் எங்களோடு இருந்தன.
லாரியில் ஏற்றி அனுப்பினோம்.
நல்லபடியாகத்தான் பிறந்தது.
ஆனாலும் அந்த ஆறு மணி நேரத்தை
என் நகங்களிடம் கேளுங்கள்.

விடிந்ததும் தோலோகோன் ஏறிப் பார்த்தான்.
இரண்டு பேட்டரி செத்திருந்தன.
ஒன்று பத்தொன்பதாயிரம்.
அலுவலகத்துக்குப் பேசினோம்.
'திட்டக் காலம் முடிந்தது' என்றது ஒரு குரல்,
மரியாதையாக,
துளிக்கூட விட்டுப்போகாத தெளிவான இணைப்பில்.

கூட்டத்தில் இரவெல்லாம் சண்டை.
விளையாடும் பையன்கள்தான் தின்று தீர்க்கிறார்கள் என்றார் ஒருவர்.
உன் மகள் பார்க்கும் கல்யாண வீடியோ என்ன, காற்றா என்றாள் ஒருத்தி.
கதவோரம் நின்ற குபத்பெக்
ஒரே வாக்கியம் சொன்னார்:
'என் வீடு பாறைக்குப் பின்னால். எனக்குச் சிக்னலே கிடையாது.'
நாற்பத்தொன்றாவது வீடு.
நியாயம்தான்.
யாரும் பதில் சொல்லவில்லை.

கடனும் கம்பளி விற்ற காசுமாய்ப்
பேட்டரிகள் வந்திறங்கின.
ஒன்று அறுபது கிலோ.
பனிக்கட்டிப் பாதையில் குதிரை வழுக்கியது.
அப்போது குபத்பெக் தன் கழுதையோடு நின்றார்.
உங்களுக்கு இதில் என்ன என்றேன்.
'வேலை இல்லாவிட்டால் இது என்னைக் கடிக்கிறது.'

இரண்டு நடை.
அன்றிரவு நோட்டில் எழுதினேன்:
குபத்பெக், கழுதை, 2.
அதைச் சோமாக மாற்றச் சொல்லி
இன்னும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

மார்ச்சில் தோலோகோன்
ஒரு பழைய தட்டைப் பாறை உச்சியில் முடுக்கினான்.
குபத்பெக்கின் கைப்பேசியில் ஒரு கோடு முளைத்தது, பிறகு இரண்டு.
அவர் முதலில் தேடியது
எங்கள் ஊரின் வானிலை.
'மேகமூட்டம்' என்று வாசித்தார்.
ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.
'சரியாகத்தான் இருக்கிறது' என்றார்.

இப்போது முப்பத்துமூன்று வீடு தருகிறது.
தட்டில் படியும் பனியைத் தட்டிவிட
வாரம் ஒரு பெயர்.
என் கணவன் இன்னும் சிலநேரம் உறைகிறான்,
ஆனால் வாயை மூடியபின்.

இந்தப் பேட்டரிகள் நான்கு குளிர்காலம் தாங்கினால் அதிகம்.
நேற்று புதுப் பக்கம் திருப்பி
மேலே எழுதினேன்: அடுத்த பேட்டரி.
முதல் வரியில் என் பத்து சோம்.
கீழே இன்னும்
நிறைய வெள்ளை.