ஆறாவது நகல்

செத்தாபாக்கில் மழை. கடையில் ஒரே ஒரு வாடிக்கை.
நிஸ்ரீன் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினாள்
மடித்த இடமெல்லாம் இற்றுப்போன நிலப்பத்திரத்தை.
அரபு, எபிரேயம், ஆங்கிலம்.
எனக்கு எட்டியது கடைசி மட்டும்:
இருபத்திரண்டு துனம், ஆலிவ், ஒரு கிணற்றில் பாதி.
உச்சியில் கிரீடம்.
மாமனாரின் தோட்டத்துச் சீட்டிலும் இதே கிரீடம்தான்,
கொஞ்சம் மங்கல்.

"ஐந்து நகல்" என்றாள், தடுமாறும் மலாயில்.
அம்மானில் அண்ணன், சந்தியாகோவில் சித்தப்பா,
லெபனான் முகாம்களில் இரண்டு அத்தைகள்.
ஐந்தாவது காஸாவுக்கு.
"தபால் போகாது. இருந்தாலும் எடுங்கள்."

கிணற்றின் மறுபாதி யாருக்கு என்றேன்.
"பக்கத்து வீட்டுக்கு. அவர்களும் அம்மானில்தான்.
அந்தச் சண்டைக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை."
சிரித்தாள்.

இயந்திரம் சூடாகும்வரை பேச்சு தேர்தலுக்குப் போனது.
அங்கே கடைசியாக மன்றத்துக்கு ஓட்டுப் போட்டபோது
அவளுக்கு வயது பன்னிரண்டு.
இப்போது காதோரம் நரை.
"விரலில் மை எத்தனை நாள் இருக்கும்?"
ஒரு வாரம் என்றேன்.

என் கணவருக்கும் அது தெரியாது. சிவப்பு ஐசி.
ஒவ்வொரு தேர்தலுக்கும் பள்ளிக்கூட வாசல்வரை
பைக்கில் கொண்டுவந்து விடுவார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பார்.

ஒரு ரிங்கிட். சில்லறையாகத் தந்தாள்.
அவள் போனபின்தான் பார்த்தேன்,
தட்டில் ஆறாவது தாள்.
வெளிச்சம் ஓடும்போது நகர்ந்திருக்க வேண்டும்:
கிரீடம் விளிம்பில் வெட்டுப்பட்டு,
கிணற்று வரி மட்டும் முழுசாக.

கசக்கப் போனேன்.
பிறகு அவருடைய நான்கு விண்ணப்பங்கள் கிடக்கும்
இழுப்பறைக்குள் வைத்துத் தள்ளினேன்.
எப்போதும்போல் பாதியில் சிக்கிக்கொண்டது.