பதினெட்டு பென்ஸ்

கடன் அட்டையில் கோட்டு வாங்கினால்
ஐம்பது நாள் வரைக்கும் பொறுத்திருப்பார்கள்.
அதே அட்டையைச் சுவரில் செருகி
பணமாக உருவினால்
தாள் வெளியே தலைநீட்டும்போதே
வட்டியும் கூடப் பிறந்துவிடும்.
ட்ரூரோவில், நகராட்சி மாடியில்,
மற்றவர்களின் சம்பளத்தைக் கணக்கிட்டே
பத்தொன்பது வருஷம் போயிற்று எனக்கு.
இதெல்லாம் தெரியும்.

தங்கை டாம்சினுக்குத் தெரியாது.
மால்டாவில் ஒரு விடுமுறையில்
அவள் எடுத்த இருநூறு பவுண்டு
குட்டிமேல் குட்டி போட்டு
மூன்றாம் கிறிஸ்துமஸிலும்
அவள் சமையலறை மேசையில்
பிரிக்காத கவருக்குள் உயிரோடிருந்தது.
நான்தான் அடைத்தேன்.
அடைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.
கட்டம் போட்ட தாளில்
மாதம் இவ்வளவு, எனக்கு வட்டி இவ்வளவு,
வங்கியைவிடக் குறைச்சல்தான் பார்,
என்று எழுதி நீட்டினேன்.
கடைசிக் காசுவரை கொடுத்தாள்.
அதன் பிறகு கூப்பிடவில்லை.

குட்டாயிசிக்குப் புறப்படுமுன்
வங்கிக்கு ஃபோன் போட்டேன்.
அட்டையில் முன்னதாகவே பணம் போட்டு வைத்தால்
எடுப்பது என் பணம்தானே, வட்டி ஏது?
அந்தப் பையன் மிகக் கனிவாகச் சொன்னான்:
"நாங்கள் உங்களுக்குக் கடன்படுவதை
பொதுவாக விரும்புவதில்லை, மேடம்."

சரி, வேறு வழி.
எடுத்த அன்றைக்கே, படுக்கப் போகுமுன்,
செல்பேசியில் அத்தனையையும் கட்டிவிடுவது.
விமானத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
மறக்காதே என்று, நீல மையில்.

நஸிப்ரோலாவின் வீட்டில் அட்டை செல்லாது.
எட்டு இரவு, காலைச் சாப்பாடு,
திராட்சைக் கொடி எட்டிப் பார்க்கும் மாடி அறை:
எண்ணூறு லாரி.
சரக்கு வண்டியில்லை, அந்த ஊர்க் காசு.

சந்தைக்குப் பக்கத்து இயந்திரம்
ஆங்கிலத்தில் குழைந்தது:
உங்கள் வசதிக்காகப் பவுண்டிலேயே கணக்கு வைக்கட்டுமா?
வேண்டாம் என்பதை அமுக்கினேன்.
வசதி என்ன விலை என்று தெரிந்தவள்.
நடந்து திரும்பும்போது, சொல்லக் கூச்சம்தான்,
கொஞ்சம் விசிலடித்தேன்.

அன்று மாலை முற்றத்தில் மேசை போட்டார்கள்.
யாருக்கோ பிறந்தநாள்,
யாருக்கென்று கடைசிவரை பிடிபடவில்லை.
பாலாடைக்கட்டி அடைத்த ரொட்டி,
வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய்,
மண்ணில் புதைத்த சாடியிலிருந்து மொண்ட ஒயின்.
நஸிப்ரோலாவின் மகன் மல்காஸ்
ஒவ்வொரு கோப்பைக்கும் எழுந்து நின்று பேசினான்,
சமாதானத்துக்கு, செத்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு.
ஐந்தாவதோ ஆறாவதோ
இந்த மேசைக்கு வந்து சேராதவர்களுக்கு.
அது விருந்தாளியின் முறையாம்.

எழுந்து நின்றேன்.
பேச்சு ஒன்றும் வரவில்லை.
டாம்சின், என்றேன்.
பேர் மட்டும்.
பன்னிரண்டு பேர் பன்னிரண்டு விதமாக
அதைத் தப்பாகச் சொல்லிக் குடித்தார்கள்.
நஸிப்ரோலா என் கையைப் பிடித்து விரித்து
நீல எழுத்தைக் கட்டைவிரலால் தடவி
இதுவா அவள் பேர் என்று ஜாடையில் கேட்டாள்.
ஆமாம் என்று
ஏன் தலையாட்டினேன் தெரியவில்லை.

காலையில் கை வெறுமையாக இருந்தது.
செல்பேசி தலையணைக்கடியில் செத்துக் கிடந்தது.
உயிரூட்டி, கடவுச்சொல் இரண்டு தரம் தப்பி,
கட்டி முடிக்கையில் மணி பத்தரை.
ஒரு ராத்திரி தாண்டிவிட்டது.

அக்டோபரில் கணக்கு வந்தது.
ரொக்கம் எடுத்ததற்கான வட்டி: பதினெட்டு பென்ஸ்.
சரிதானா என்று
பழைய ரசீதின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
சரிதான்.
ஒரு ஃபோன் போட்டுக் கேட்டால்
தள்ளுபடி செய்திருப்பார்கள், இவ்வளவு சின்னத் தொகை.
கேட்கவில்லை. கட்டிவிட்டேன்.

டாம்சினின் எண் மாறியிருக்காது.
கூப்பிட்டால் முதல் வாக்கியம் தயார்:
எனக்கும் வட்டி போட்டுவிட்டார்கள்.
சிரிப்பாள் என்று நினைக்கிறேன்.
இல்லை,
எத்தனை சதவீதம் என்று கேட்பாள்.