இரண்டு பக்க அட்டை

நாற்பது பேரைக் கூப்பிட்டிருந்தேன்.
வாட்ஸப்பில் முப்பத்தொரு நீல டிக்.
பதினேழு இன்ஷா அல்லா.
அதில் எது வருகிறேன், எது மன்னித்துக்கொள் என்பது
மஸ்கட்டில் பதினொரு வருஷம் பம்ப் சீல் விற்றவனுக்கும்
பிடிபடுவதில்லை.

அல் குவைர் ஹோட்டல், இரண்டாம் மாடி.
ஏழு மணிக்கே ஆறிவிட்ட சமோசா.
பேனருக்குப் பக்கத்தில்
நானும் என் சிரிப்பும்.

ரவாஹிக்கென்று சன்னலோர மேஜை,
லெமன் மின்ட்,
அச்சடித்த கழுத்தட்டை.
வந்தது அவருடைய ஸ்டோர்கீப்பர்.
காலில் சேஃப்டி ஷூ.
"முதலாளி சலாலா போயிட்டார் சார்.
நீ போய்ச் சாப்பிட்டு வான்னார்."

அட்டையைத் திருப்பி
வெறும் முதுகில் பேனாவால் எழுதினேன்:
ஞானதிரவியம்.

இரண்டாவது தட்டு மந்தி தீரும்போது சொன்னார்:
"உங்க சீல் நாப்பது நாள்ல ஒழுகுது.
திருப்பி அனுப்ப மூணு ஃபாரம் நிரப்பணும்.
அதான் குப்பையில போட்டுருவேன்."

ரமலானுக்கு ரமலான்
ரவாஹி வீட்டுக்குப் போன பேரீச்சைப் பெட்டிகளை
மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

எந்த அளவு, எந்த லைன், எத்தனை டிகிரி?
டிஷ்யூ பேப்பரில் வரைந்து காட்டினார்.
மேடையில் யாரோ
'உறவே மூலதனம்' என்றார்கள்.
கைதட்ட மறந்துவிட்டோம்.

வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி வேர்த்தது.
துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால்
கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிறார்,
அட்டையைக் கழற்றாமல்.

கடல்காற்றில் அது
ஒருமுறை மேனேஜிங் டைரக்டர்,
ஒருமுறை ஞானதிரவியம்.