கறை படியாத இடம்

மெழுகுக் கட்டியின் எண்தான் முதலில் என் கைக்கு வரும்.
ஆண், முப்பத்தேழு, புக்கிட் மெர்தாஜாம்.
பெருங்குடலின் வலப்பக்கம்.
"அந்த வயசுக்கு அந்த இடம்..."
டாக்டர் ஓய் பாதியில் நிறுத்தினார்.
மீதியை நான் கேட்கவில்லை.

நான்கு மைக்ரான் தடிப்பில் சீவினேன்.
வெந்நீர்த் தொட்டியில் மிதந்தது
பாலாடை மாதிரி ஒரு மனிதர்.
கண்ணாடியில் ஏந்தி, உலர்த்தி,
மெழுகு கரைத்து, கொதிக்க வைத்து,
நான்கு வில்லைகளுக்கு நான்கு ஆன்டிபாடிகள்.
ஒவ்வொன்றும் ஒரே ஒரு புரதத்தைத் தேடிப் போகும்.
கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு
கோப்பி-ஓ அடிமண்டியின் நிறம் காட்டும்.
மற்றதெல்லாம் நீலம்,
சௌராஸ்தா சந்தையில் விற்கிற
சங்குப்பூ கூவேயின் நீலம்.

பிழை திருத்துவது இந்தப் புரதங்களின் வேலை.
செல் தன்னைப் படியெடுக்கும்போது
விட்ட எழுத்தை, மாறிய எழுத்தைத்
தடவிப் பார்த்துச் சரிசெய்யும்.

எனக்கும் எழுத்துப்பிழைக்கும் பழைய உறவு.
அப்பாவின் பெயர் திருவரங்கன்.
பதிவு இலாகா குமாஸ்தா
மத்தியானத் தூக்கத்தில் ஒரு 'ர'வை விழுங்கிவிட
திருவங்கன் ஆனார்.
நாங்கள் நாலு பேர்.
நாலு அடையாள அட்டையிலும்
எங்கள் பெயருக்குப் பின்னால்
அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.
அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
வங்கியில் சில சமயம் சிரிப்பார்கள்.

முதல் இரண்டு வில்லையும் நல்ல கோப்பி.
மூன்றாவதில் கட்டி முழுக்க நீலம்.
நான்காவதும் நீலம்.
எம்எஸ்எச் இரண்டு போனால் ஆறு நிற்காது,
ஆறு போனால் இரண்டு தாங்கிக்கொள்ளும்.
சில தம்பதிகளும் அப்படித்தான்.

இயந்திரத்தைச் சந்தேகித்தேன்.
போன மாதம் குழாய் அடைத்து
ஒரு தட்டு முழுக்க வெளுத்துப்போனது.
அதுவேதான் மறுபடி என்றால்
எவ்வளவு நன்றாக இருக்கும்.
மகனின் பள்ளிச் சட்டையில் கறை பட்டால் கத்துகிறவள்
ஒரு கறைக்காக
லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

நீலத்துக்கு நடுவே
வழிதவறி வந்த நிணநீர் அணுக்கள், கோப்பி.
ஓரத்தில் கெட்டுப்போகாத குடற்சுரப்பிகள்
வரிசையாக, கோப்பி.
சாயம் வேலை செய்திருக்கிறது.
கட்டிக்குள்ளும் போயிருக்கிறது,
கதவு கதவாகத் தட்டியிருக்கிறது,
ஆளில்லை என்று திரும்பியிருக்கிறது.

இருந்தும் இன்னொரு முறை ஓட்டினேன்.
மூன்றரை மணி நேரம்.
வெளியே மழை, கொம்தார் பாதிக்கு மேல் காணோம்.
அதே நீலம்.

டாக்டர் ஓய் நின்றபடியே பார்த்தார்.
"ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பணும்.
அதுதான் உறுதியாகச் சொல்லும்."
பிறகு படிவத்தைப் புரட்டினார்.
தாய்: நாற்பத்தொன்றில் இறப்பு, கருப்பைக் கட்டி.
யாரோ அவசரத்தில் கிறுக்கியது.
உடன்பிறந்தோர்: ஐந்து.

ஐந்து பேர்
பாலத்துக்கு அந்தப் பக்கம்
இந்நேரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.
இவரைப் பார்க்க நாளைக்கு வரும்போது
யார் வண்டி ஓட்டுவது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.
ஒருவருக்கும் இல்லாமல் இருக்கலாம்.
இருந்தாலும், கூப்பிட்டால் வந்தால்,
வருஷம் ஒருமுறை குடலைப் பார்த்து
மொட்டிலேயே கிள்ளிவிட முடியும்.
வந்தால்.

அறிக்கையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.
எண் போதாது, இப்போது பெயர் வேண்டும்.
படிவத்தில் ஒரு மாதிரி,
வில்லைச் சீட்டில் வேறு மாதிரி,
ஓர் எழுத்து வித்தியாசம்.

வார்டுக்குப் போன் செய்தேன்.
"இந்த நேரத்திலா?" என்றாள் தாதி.
அவரை எழுப்ப வேண்டாம்,
கட்டிலில் மாட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து
ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள் என்றேன்.
அவள் போய்வரும் வரை
காதில் ஒலிவாங்கியோடு காத்திருந்தேன்.